மூச்சு வாங்குகிற இடம்

வேறு தொழிலில் பேர் வாங்கியவர்கள் திடீரென்று பாட ஆரம்பித்தால் என்னைப் போன்ற டிவி தொகுப்பாளர்களுக்கு வேலை மிச்சம். "உங்களுக்குள்ள இப்படி ஒரு பாடகி ஒளிஞ்சிருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாதே!" என்று கண்ணை விரிக்க வேண்டும். "சின்ன வயசுல பாத்ரூம்ல பாடுவீங்களா?" என்று கேட்க வேண்டும். கடைசியில் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "எங்க நேயர்களுக்காக ரெண்டே ரெண்டு வரி" என்று கெஞ்ச வேண்டும். இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கபடி வீரரையும், ஒரு சமையல் நிகழ்ச்சி அம்மாவையும், ஒரு சினிமா வில்லனையும் கரையேற்றியிருக்கிறேன். வில்லன் பாடியபோது மட்டும் கேமராமேன் தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசிக் கேள்வியை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர் பாண்டியன். நடிகை மைத்ராவின் மேனேஜர். காந்தி ரோடு பட்டுக்கடை ஒன்றின் மாடியில், கல்யாணப் புடவை அடுக்குகளுக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டதுதான் எங்கள் உள்ளூர் சேனலின் நேரலை அரங்கம். பாண்டியன் அதைப் பார்த்த பார்வையிலேயே எங்களுக்கு மார்க் போட்டுவிட்டார்.

"சார், நேர்லயே சொல்லிடறேன். மேடத்தைப் பாடச் சொல்லக் கூடாது. சொன்னீங்கன்னா மைக்கைக் கழட்டி வெச்சுட்டுப் போயிக்கினே இருப்போம்."

"பாட்டைப் பத்திதானே சார் பேட்டியே?"

"பாட்டைப் பத்திப் பேசுங்க. பாட்டு வேணாம்."

மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்கிறார். சரி, அதையும் பண்ணியிருக்கிறோம்.

மைத்ராவுக்கு வீட்டில் வைத்த பெயர் மங்கையர்க்கரசி. பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண். சினிமாவுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. ஆனால் ஒரு படத்தில்கூட அவர் பேசியதில்லை. அவர் வாயசைத்தார், ரேவதி என்கிற டப்பிங் கலைஞர் பேசினார். 'மைத்ரா குரல் தேன் மாதிரி' என்று ஊரே சொன்னது ரேவதியின் குரலை. இப்போது, முதல் தடவையாக, மைத்ரா சொந்தக் குரலில் ஒரு பாட்டுப் பாடி வெளியிட்டிருந்தார்: 'வெயிலே நட'. பஸ் ஸ்டாண்டிலிருந்து கச்சபேஸ்வரர் கோவில் வரை போஸ்டர். போஸ்டர் ஒட்டிய பசை காய்வதற்குள் ஃபோனில் பேச்சு கிளம்பிவிட்டது: 'இதையும் ரேவதிதான் பாடியிருக்காங்க. பேசத் தெரியாதவ பாடுவாளா?'

மைத்ரா வந்தார். வாசலில் கூட்டத்துக்குக் கை காட்டியபோது நட்சத்திரம். மாடி ஏறி உட்கார்ந்து செருப்பைக் கழற்றியதும் எங்கள் ஊர்ப் பெண். அவர் பேசி அன்றுதான் முதலில் கேட்டேன். கனத்த, கரகரப்பான குரல். சளி பிடித்த ஆண்பிள்ளை பேசுவது மாதிரி.

"இன்னாண்ணா, ஷாக் ஆயிட்டியா?"

"இல்லம்மா" என்று பொய் சொன்னேன். பொய் என்று அவருக்கும் தெரியும்.

"மொத நாள் ஷூட்டிங்ல வசனம் சொன்னேன். டைரக்டர் சிரிச்சாரு. அவர் சிரிச்சதும் லைட்மேன் வரைக்கும் சிரிச்சாங்க. அன்னிக்கு மூடின வாய்." தன் மைக்கைத் தானே சரிபண்ணிக்கொண்டார். "இந்த ஒரு பாட்டுதாண்ணா என் குரல்ல இருக்குது. எங்க தெருவுல நேத்து கொழந்தைங்க பாடிக்கினு போச்சுங்க. நீ பாடச் சொல்லி, நான் பயத்துல சொதப்பிட்டேன்னு வெச்சுக்கோ, அதுவும் போயிடும். நீ இன்னா வேணா கேளு. அத மட்டும் கேக்காத."

"கேக்க மாட்டேம்மா" என்றேன். அதை உண்மையாகத்தான் சொன்னேன்.

என் காதுக்குள் வேல்முருகன் உட்கார்ந்திருந்தான். எங்கள் தயாரிப்பாளர். பக்கத்து ஸ்டாக் ரூமில் இருந்துகொண்டு, என் காதில் மாட்டிய கருவி வழியாக என்னை ஓட்டுபவன். "வாக்கு குடுக்காத பூவராகவா. ரேவதி லைன்ல இருக்காங்க" என்றான்.

விருந்தாளியை உட்காரவைத்து, 'உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் கால்!' என்று யாரையாவது இழுத்துவிடுவது எங்கள் தொழிலின் பழைய கைவேலை. அம்மா பேசுவார், பள்ளி டீச்சர் பேசுவார், விருந்தாளி அழுவார், எல்லோருக்கும் நல்லது. ரேவதி பேசினால் என்ன ஆகும்? 'நான்தான் பாடினேன்' என்று ஒரே ஒரு வாக்கியம். இந்தப் பெண் இந்த நாற்காலியிலேயே முடிந்தார்.

"வேணாம்டா" என்று பல்லைக் கடித்துச் சொன்னேன்.

"நேரலை போகுது. சிரி."

சிரித்தேன். அதற்குத்தான் சம்பளம்.

"உங்களுக்குள்ள இப்படி ஒரு பாடகி ஒளிஞ்சிருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாதே!" என்றேன். "எனக்கே தெரியாது" என்றார் மைத்ரா. கடையில் புடவை மடிக்கிற பெண்கள் எல்லாம் ஓரமாக நின்று சிரித்தார்கள். நன்றாகத்தான் போனது. வேல்முருகனுக்கு நன்றாகப் போவது பிடிக்காது. சொல்லாமல் கொள்ளாமல் பாட்டைப் போட்டுவிட்டான். கேமரா அவர் முகத்துக்குக் கிட்டே போனது.

பாட்டு ஒலித்தால் நடிகைகளின் உதடு தானாக அசையும். தறிக்காரருக்குக் கால் அசைகிற மாதிரி. மைத்ராவின் உதடும் அசைந்தது.

வெயிலே வெயிலே என்கூட நட… நிழலெல்லாம் பின்னால வரட்டும்…

முதல் 'வெயிலே' அச்சாகப் பொருந்தியது. 'நட' என்கிற இடத்தில் பாட்டு ஒரு நீண்ட இழுப்பாக மேலே ஏறும். இழுப்பின் பாதியில் மைத்ராவின் வாய் மூடியது. தோள் ஏறி இறங்கியது. மூச்சு வாங்குகிறார். ஆனால் டிவியில் குரல் அறுபடாமல் மேலே போய்க்கொண்டே இருந்தது. மூடிய வாய்க்கு மேல், முழுக் குரல்.

புடவை மடிக்கிற ஜெயம்மாள்தான் முதலில் சொன்னார். மெல்லச் சொல்வதாக அவர் நினைப்பு. "அய்ய, வாய் ஒரு பக்கம் போவுது, பாட்டு ஒரு பக்கம் போவுதும்மா."

அதற்குள் திரையின் அடியில் நேயர்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 'மாட்டிக்கிட்டாங்க.' 'பாடினவங்களுக்கு எங்க மூச்சு வாங்கினோம்னு தெரியாதா?' 'ரேவதிக்கு மரியாதை குடுங்க.' ஒருவர் வெறும் சிரிப்பு முகங்களாக ஒரு முழ நீளத்துக்குத் தொங்கவிட்டிருந்தார்.

நானும்தான் நினைத்தேன், மறைப்பானேன். இவ்வளவு நேரம் எனக்குச் சொன்னது சினிமாக் கதை என்று. நம்ம ஊர்ப் பெண் நம்மையே ஏமாற்றினாளே என்று ஒரு கோபம்கூட எட்டிப் பார்த்தது. என் நெஞ்சு ஒன்றும் பெரிய கருங்கல் இல்லை, ஆனால் அந்த நிமிஷம் அப்படி ஒரு பாவனை செய்தது.

"பாடச் சொல்லு" என்றான் வேல்முருகன். "சொல்லு, சொல்லு, இப்பவே சொல்லு."

"ஒரு சின்ன விளம்பர இடைவேளை" என்றேன் நான்.

வேல்முருகன் ஸ்டாக் ரூமிலிருந்து ஓடிவந்தான். பாண்டியன் என் சட்டையைப் பிடித்தார். "பாட்டை எவன்யா போடச் சொன்னது?" என்று கத்தினார். நான் இரண்டு பேருக்கும் நடுவில், கல்யாணப் புடவைகள் சாட்சியாக, கசங்கிக்கொண்டிருந்தேன். மைத்ரா மட்டும் எங்களைப் பார்க்கவில்லை. இருண்டுபோன மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத இன்னொரு தபா போடு" என்றார்.

போட்டோம். இந்தத் தடவை அவர் வாயை அசைக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டார். இழுப்பு ஏறி முடிந்ததும், அடுத்த வரிக்கு முன்னால், பாட்டில் ஒரு குட்டி மூச்சு கேட்டது. மூக்கால் உறிஞ்சுகிற மாதிரி. மைத்ரா கண்ணைத் திறந்தார்.

"இது நான் இல்ல."

பாட்டை நிறுத்தினோம்.

"மத்தவங்க பாட்டுன்னா காதால கேட்டுக்கினே வாயசைப்பேன். ஒரு தபா கூட தப்பினதில்ல. இது எனக்குத் தெரிஞ்ச பாட்டாச்சேன்னு நான் கேக்கவே இல்ல, உள்ளுக்குள்ள பாடிக்கினு இருந்தேன். என்னால அந்த இழுப்பு ஒரே மூச்சுல முடியாது. நடுவுல வாங்குவேன். ரெகார்டிங்லயும் வாங்கினேன். 'பரவாயில்ல, மெஷின்ல சரி பண்ணிக்கலாம்'னாங்க."

"வெளியானதும் நீங்க கேக்கலையாம்மா?" என்றேன்.

"பயம்ணா. என் குரல நானே கேக்கறதுன்னா பயம். எல்லாரும் நல்லா இருக்குதுன்னாங்க. போதும்னு விட்டுட்டேன்." பாண்டியன் பக்கம் திரும்பினார். "அந்த மூச்சு ரேவதி அக்காவோடது. இத்தினி வருஷம் அந்த மூச்சுக்குத்தான் வாயத் தொறந்தேன், எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியுமா பாண்டி?"

பாண்டியன் என் சட்டையை விட்டார். தரையைப் பார்த்தார். மானம் போகும் என்று மைத்ரா பயந்தார், குட்டு உடையும் என்று பாண்டியன் பயந்தார். இரண்டு பேர் சொன்னதும் ஒரே வார்த்தை: பாடச் சொல்லாதே. நான் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டு வாக்குக் கொடுத்தேன் பாருங்கள், எனக்கு ஒரு பொன்னாடை போடலாம்.

"பாட்டுக் கம்பெனி முடிவும்மா" என்றார் பாண்டியன். "பேசாம இருந்துடு. நம்மளா சொல்லாத வரைக்கும் யாராலயும் நிரூபிக்க முடியாது. தொண்டை சரியில்லன்னு நான் சொல்லிக்கறேன். பாட்டு உன் பேர்லயே ஓடும்."

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். அதுதான் பயமாக இருந்தது. மைத்ரா மைக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். கழற்றப் போகிறாரா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

"இடைவேளை முடியுது" என்று வேல்முருகன் உள்ளே ஓடினான்.

"ரேவதி அக்கா லைன்ல இருக்காங்களாமே, அண்ணா? உங்க ஆளுங்க ஓரமா நின்னு பேசிக்கினு இருந்தாங்க" என்றார் மைத்ரா. "குடு."

"நேரலையிலயாம்மா?"

"பாட்டும் அதுலதானே வந்துது?"

நேரலை விளக்கு எரிந்தது. சிரிக்க மறந்துவிட்டேன். "ஒரு… அழைப்பு" என்றேன். சர்ப்ரைஸ் என்ற சொல் வாயிலேயே நின்றுவிட்டது.

படங்களில் நாம் கேட்டுப் பழகிய அந்தத் தேன்குரல் அரங்கத்தில் இறங்கியது. மைத்ரா எதிரே வாயை மூடி உட்கார்ந்திருக்க, மைத்ராவின் குரல் மட்டும் தனியாக வந்தது. கடைப்பெண்களில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அரசி, எப்படி இருக்கே?"

"அக்கா, 'வெயிலே நட' யாருக்கா பாடினது?"

என் காதில் வேல்முருகன் மூச்சுவிடுவது கேட்டது.

"நான் ட்ராக் பாடினேம்மா" என்றார் ரேவதி. "மெட்டு புரியறதுக்கு முதல்ல ஒருத்தர் பாடி வெப்போமில்ல, அது. நீ கேட்டுப் பழகிக்கறதுக்குன்னுதான் சொன்னாங்க. நீ பாடினதும் என்னோடதை எடுத்துடுவோம்னாங்க. வெளியானப்போ கேட்டேன். என் மூச்சு எனக்குத் தெரியாதா? நீ தெரிஞ்சே விட்டியோ, தெரியாம விட்டியோன்னு குழம்பிக்கிட்டு இருந்தேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. இந்த டிவிக்காரப் பையன் ஃபோன் பண்ணப்போ சரின்னுட்டேன்."

"தெரியாதுக்கா."

"தெரியாதுன்னு இப்ப தெரிஞ்சுக்கிட்டேன்."

"தலைவா, இது வேற மாதிரி போகுது" என்று என் காதில் வேல்முருகன் கிசுகிசுத்தான். "அந்தக் கம்பெனி விளம்பரம் நம்மகிட்டதான் ஓடுது. கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. இடைவேளை போ. போடா!"

காதில் இருப்பதைப் பிடுங்கி எறிந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் செய்யவில்லை. பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடைவேளை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சல் அந்த விழிப்பு.

மைத்ரா கேமராவைப் பார்த்தார். "நீங்க கேட்ட பாட்டு ரேவதி அக்கா பாடினது" என்றார், அந்தக் கரகரத்த குரலில். அந்தக் குரலை ஊர் கேட்பது அன்றுதான் முதல் தடவை. திரையின் அடியில் எழுத்துகள் ஓடுவது சட்டென்று நின்றது. "என்னோடது இப்படி இருக்கும்."

பாடினார்.

அழகாக இருந்தது என்று சொன்னால் உங்களை ஏமாற்றுகிறேன். ஆரம்பமே ஒரு படி கீழே விழுந்தது. 'வெயிலே' என்பதை, உச்சிவெயிலில் செருப்பில்லாமல் நடப்பவர் சொல்வது மாதிரிச் சொன்னார். இழுப்பு வந்தது. ஏறினார். பாதியில் குரல் பிளந்தது. ஜெயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பா அழுகையா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. மைத்ரா நிறுத்தவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு மூச்சு வாங்கினார். மிச்ச இழுப்பை அங்கிருந்து எடுத்து மேலே கொண்டுபோய், ஆடிக்கொண்டே, வைத்தார். அடுத்த வரியையும் பாடினார். அதற்கடுத்ததையும்.

பாண்டியன் கையில் ஃபோன் அலறிக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை.

முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. தட்டுவது சரியா தப்பா என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஃபோனில் இருந்தவர்தான் முதலில் பேசினார்.

"அரசி, இழுப்புக்கு நடுவுல மூச்சு வாங்கினா பாட்டு உடைஞ்சுடும்மா. முன்னாடியே நிறைய எடுத்துக்கோ."

"உடைஞ்சா உடையட்டும்க்கா" என்றார் மைத்ரா. நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தார். "அடுத்த தபா எடுக்கறேன். நீ ட்ராக் மட்டும் பாடாத."

ரேவதி சிரித்தார். மைத்ராவும் சிரித்தார். இரண்டும் வேறு வேறு சிரிப்பு என்பது அன்றைக்குத்தான் ஊருக்குக் கேட்டது.