ஜெயலக்ஷ்மியின் மீன்களும் பித்தளை ஃபில்டரும்

ஊருக்கே குடிநீர் வடிகட்டித் தரும் இலாகாவில் பதினோரு வருடமாக உத்தியோகம் பார்க்கும் ஸ்ரீகண்டனுக்கு, வீட்டில் இரண்டு தங்கமீன்களுக்குத் தண்ணீர் வடிகட்டுவது பெரிய காரியமாகவே தோன்றவில்லை. அவருடைய அவமானங்கள் எல்லாமே இப்படித்தான் ஆரம்பிக்கும். மல்லேஸ்வரம் வீட்டில் அவர் ரிப்பேர் செய்த அழைப்புமணி அதற்குப்பின் மழை பெய்தால் மட்டுமே அடித்தது.

மீன்கள் அவர் மனைவி ஜெயலக்ஷ்மியுடையவை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அந்தக் கண்ணாடித் தொட்டிதான். அது தெரிந்தும் அவர் கை சும்மா இருக்கவில்லை. தொட்டியோடு வந்த பிளாஸ்டிக் ஃபில்டர் பெட்டியில் பஞ்சும் கரியும் ஒரு பிடிதான் கொள்ளும். நாலே நாளில் தண்ணீர் கலங்கிவிடும்.

“அதுல கை வைக்காதேங்கோ. மீன் பாட்டுக்கு நன்னாத்தான் இருக்கு,” என்றாள் ஜெயலக்ஷ்மி.

“இது என் சப்ஜெக்ட்டும்மா. ஆபீஸ்ல பின்னே என்ன பண்றேன்?”

எவர்சில்வர் ஃபில்டர் வந்தபிறகு பழைய பித்தளைக் காபி ஃபில்டர் பரணில் கிடந்தது. அடியில் துளைகள் தயாராக இருக்கின்றன, வேறென்ன வேண்டும்? மேல் அடுக்கை மட்டும் எடுத்து, காபிக் கறை போகப் புளி போட்டுத் தேய்த்தார். உள்ளே பூசியிருந்த ஈயமும் சேர்ந்து போகும்வரை தேய்த்தார். மணலும் கரியும் நிரப்பித் தொட்டி விளிம்பில் தொங்கவிட்டார். காற்றுப் பம்பு தண்ணீரைக் குழாய் வழியே மேலே தள்ள, அது ஃபில்டரில் இறங்கிச் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்கே திரும்பியது.

மூன்றாம் நாள் தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்துவிட்டது. தற்பெருமை தாங்காமல், ஆபீஸ் சிநேகிதர் சந்தானத்தைக் காபிக்கு அழைத்து வந்து தொட்டிமுன் நிறுத்தினார்.

“தண்ணி பிரமாதம் ஸ்வாமி. மீன் ஏன் படுத்துண்டிருக்கு?” என்றார் சந்தானம்.

ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மற்றது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. காலையிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஸ்ரீகண்டன் தண்ணீரைப் பார்த்தாரே ஒழிய மீனைப் பார்க்கவில்லை.

சந்தானம் ஃபில்டரைத் தடவினார். “பித்தளையா? செம்பு எறங்குமே. ஏரிப் பாசிக்கு மயில்துத்தம் போடறச்சே, அளவு கூடினா அதுல இருக்கற செம்பே மீனைக் கொன்னுடும்னு நம்ம ஆபீஸ்ல சர்க்குலர் வந்துதே.”

ஸ்ரீகண்டன் ஃபில்டரைக் கழற்றி எடுத்தார். அந்தச் சர்க்குலரை எழுதியவர் அவர்தான்.

ஜெயலக்ஷ்மி மண்பானையில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து மீன்களை அதில் விட்டாள். சாயங்காலத்துக்குள் ஒன்று செத்துப்போயிற்று. அவள் திட்டியிருந்தால் தேவலை; பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“நான்தான் கொன்னேன்,” என்றார். எந்தத் தப்பையும் அவர் அவளிடம் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை.

“தெரியும்,” என்றாள். “இதாவது பொழைக்கட்டும்.”

அது பிழைத்தது. ஆனால் வீட்டில் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிற்று.

ஒரு மாதம் கழித்து சந்தானம் மறுபடி வந்தபோது, ஸ்ரீகண்டன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடி டம்ளரால் தொட்டியின் பழைய தண்ணீரை மொண்டு பக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஃபில்டர் எங்கே ஸ்வாமி?”

“இப்போ ஃபில்டர் அவர்தான்,” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. கூடவே ஒரு சின்னச் சிரிப்பும் கேட்டது.

ஸ்ரீகண்டன் டம்ளரை மறுபடி மீன்மேல் படாமல் மெல்லத் தண்ணீரில் இறக்கினார்.