பதில் கடமை

களப்பயிற்சி அறிக்கையைப் பல்கலைக்கழகக் கற்கைக் குழு ஏற்கவில்லை என்ற செய்தி வந்தபோது டிலோன் நெடுந்தீவில் ஒரு பொதுக் கிணற்றுக்குக் குளோரின் போட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தீவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவன்தான். மனைவி யூலியானாவும் மகளும் யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். இடமாற்றம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டான். தீவுக்கு மாற்றாள் வரமாட்டார்; மாற்றாள் வராமல் அவனை விடவும் மாட்டார்கள். பகுதிநேரமாகப் படித்துக்கொண்டிருந்த பொதுச் சுகாதார முதுமாணி, அந்த மாஸ்டர்ஸ் பட்டம் கிடைத்தால் டவுனில் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த ஒரு வழிதான் மிச்சம்.

மறுநாள் காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து, கல்வி ஆலோசகர் நிலாந்தினியின் அறைக்குப் போனான். அவர் அந்தப் பொறுப்புக்குப் புதிது.

"இரும் டிலோன். அறிக்கையில ஒரு குறையும் இல்லை. ஆனா நீர் வேலை செய்யிற இடத்திலேயே களப்பயிற்சியும் செய்திருக்கிறீர். அது வேற பிரிவில நடக்கவேணும் எண்டுதான் விதி."

"பழைய ஆலோசகரைக் கேட்டுத்தான் செய்தனான், மிஸ். பரவாயில்லை எண்டு சொன்னவர்."

"எழுத்தில தந்தவரோ?"

"வாயாலதான்."

"அவர் வெளிநாட்டுக்குப் போயிட்டார். வாய்ச்சொல்லை வைச்சுக்கொண்டு நான் குழுவோட கதைக்கேலாது."

இந்த வருடத்தோடு அவனுடைய பதிவுக்காலம் முடிகிறது. அதற்குள் களப்பயிற்சி முடியாவிட்டால் பட்டம் இல்லை. நிலாந்தினி பேனையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"நயினாதீவில வேற பரிசோதகர் இருக்கிறாரெல்லே?"

"ஓம் மிஸ்."

"அப்ப அது உமக்கு வேற பிரிவு. அங்க செய்யும். மேற்பார்வைக்கு நான் ஆள் ஒழுங்குபடுத்தித் தாறன்."

மேலதிகாரி டொக்டர் ஜெகதீஸ் மறுபேச்சில்லாமல் அனுமதி கொடுத்தார். அதன்பிறகு டிலோனுக்கு ஓய்வு நாள் என்று ஒன்று இருக்கவில்லை. லீவு கிடைக்கும் நாளெல்லாம் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு படகு, அங்கிருந்து நயினாதீவுக்கு இன்னொரு படகு. சோளகக் காற்றுத் தொடங்கிக் கடல் குழம்பிக் கிடந்தது. இடுப்பில் நனைந்த சாரத்தோடு கரையேறுவான். மகளை ஃபோனில்தான் பார்த்தான்.

ஆனாலும் வேலை பிடித்திருந்தது. அங்குள்ள அம்மன் கோயில் அன்னதான மடங்களின் குடிதண்ணீரைப் பற்றித்தான் ஆய்வு. நெடுந்தீவில் அவனைக் கண்டால் கடைக்காரர்கள் எதையாவது மூடி மறைப்பார்கள். இங்கே அவன் படிக்க வந்த பெடியன். மடமொன்றின் தலைமைச் சமையல்காரர் சிவபாதம், "வா தம்பி, இதையும் பார்" என்று பாசி பிடித்த தொட்டியைத் தானே திறந்து காட்டினார். அதைக் காட்டினால் தனக்குத்தான் கெட்ட பெயர் என்று அவர் நினைக்கவே இல்லை.

பயிற்சி பாதி கடந்திருந்தபோது நயினாதீவுப் பரிசோதகருக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற நாள் நெருங்கியிருந்தது. டொக்டர் ஜெகதீஸ் டிலோனைக் கூப்பிட்டார்.

"நீர்தானே அங்க போய் வாறனீர். இடம் தெரியும், ஆக்களையும் தெரியும். புது ஆள் வரும்வரைக்கும் உம்மையே அங்க பதில் கடமைக்குப் போட்டிருக்கிறன்."

"சேர், அது என்ரை பிரிவாப் போனால் களப்பயிற்சி செல்லாது."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "ஐயோ, அது எனக்குத் தெரியாது. ஆனா சனம் ஆயிரக்கணக்கில வரப்போகுது. வயித்தோட்டம் ஒண்டு வந்தால் ஆர் பாக்கிறது? எனக்கு வேற ஆள் இருந்தால் உம்மை ஏன் கேக்கிறன்?"

அவர் சொன்னது சரி. அநியாயமென்றால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

டிலோன் நிலாந்தினிக்கு ஃபோன் எடுத்து விஷயத்தைச் சொன்னான்.

"மறுக்கேலாதோ, டிலோன்?"

"திருவிழா, மிஸ்."

"வேலணைப் பக்கம் வேற பிரிவில செய்வமெண்டால்?"

"ரெண்டு தீவையும் பாக்கவேணும். இனி எனக்கு லீவு நாளே இல்லை."

திருவிழா நாட்களில் அவன் மடம் மடமாக ஏறி இறங்கினான். சிவபாதம் அவனைக் கண்டதும் தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டினார். "வாங்கோ ஐயா" என்றார். அவருக்கு உதவிக்கு நின்ற பெடியள் இரண்டு பீப்பாய்களை அவசரமாகப் பின்பக்கம் உருட்டினார்கள். டிலோன் பின்னால் போய்ப் பார்த்து, தண்ணீரைக் கீழே ஊற்றச் சொன்னான். வயிற்றோட்டம் யாருக்கும் வரவில்லை.

ஆவணியில் நிலாந்தினி கூப்பிட்டார். குழுவோடு தன்னால் முடிந்தவரை வாதாடிப் பார்த்ததாகச் சொன்னார். எழுதிய பாடங்களுக்குப் பட்டப்பின் டிப்ளோமா தருவார்கள், முதுமாணி கிடையாது. விருப்பமென்றால் வந்து கையொப்பமிடலாம்.

"விருப்பமில்லாட்டில்?"

"பதிவு முடிஞ்சிடும். ஒண்டும் மிஞ்சாது."

போய்க் கையொப்பமிட்டான். அன்று பின்னேரம் வீட்டில் யூலியானா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "வேற வழியே இல்லையோ?" என்று கேட்டாள். "இருந்தால் சொல்லு" என்றான். சொன்ன பிறகுதான் குரல் உரத்துவிட்டது தெரிந்தது. மகள் புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தினாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் டொக்டர் ஜெகதீஸ் எழுந்து வந்து கைகொடுத்தார். "டிப்ளோமா எடுத்திட்டீராம், நல்ல சந்தோசம். தீவுப் பக்கம் இவ்வளவு படிச்ச பரிசோதகர் எனக்கு வேற ஆர் இருக்கினம்? இனி ஆர் கேட்டாலும் உம்மை விடமாட்டன்."

அவர் மனதாரத்தான் சொன்னார். டிலோன் நன்றி சொல்லிவிட்டு, நெடுந்தீவுப் படகுக்கு நேரமாகிறது என்று புறப்பட்டான்.