தெளிந்த சொட்டு

கண்புரை ஆபரேஷன் என்றால் பதினைந்து நிமிஷம், மறுநாளே பேப்பர் படிக்கலாம் என்றார்கள். எதிர்வீட்டு கோவிந்தராஜன் படித்தார். எண்பது வயது, சர்க்கரை வேறு. இரண்டு கண்ணையும் முடித்துக்கொண்டு, ஜெயநகர் நாலாவது பிளாக்கில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயதான நான் திரை மூடிய அறையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேன். வலது கண்ணுக்குள் யாரோ மிளகாய்த் தூளைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் நாலு மாதம்.

கண்ணுக்குள் அழற்சி, அடங்கமாட்டேன் என்கிறது என்றார் டாக்டர் மஞ்சுநாத். சொட்டு மருந்தை ஒரு நாளைக்கு எட்டு வேளை போட்டால் கொஞ்சம் தணியும். ஆறாகக் குறைத்தால் மறுபடி ரத்தமாய்ச் சிவக்கும். கடைசியாகப் போனபோது அவர் சுற்றி வளைக்கவில்லை. "பதினெட்டாம் தேதி வரைக்கும் பார்ப்போம். அடங்கலைன்னா உள்ளே வெச்ச லென்ஸை எடுத்துடணும். அதுக்கப்புறம் அந்தக் கண்ணுல எவ்வளவு பார்வை மிஞ்சும்னு என்னால சொல்ல முடியாது."

வீட்டில் என்னைக் காவல் காத்தவர் என் கணவர் சுந்தரராமன். விவசாய இலாகாவின் மண் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். ரிடையர் ஆன பிறகு பரிசோதனைக்கு ஒன்றும் கிடைக்காமல் தவித்தவருக்கு என் கண் வந்து வாய்த்தது. தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது, அடுப்பண்டை போகக் கூடாது, டிவி கூடாது. எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இருபத்தாறு வருஷம் இந்த ஊர் டிராபிக்கில் அவரை உட்கார்த்தி வைத்து ஓட்டியிருக்கிறேன். அந்தக் கார் உறை போட்டு நிற்க, பாட்டரியும் செத்துப்போயிற்று.

"வாசல் வரைக்குமாவது போயிட்டு வரேனே" என்றால், "தூசி" என்பார். ஒரே வார்த்தை. எல்லாம் அன்புதான், அதுதான் கஷ்டம். அடித்தால் ஊரைக் கூட்டலாம். அன்பாகப் பூட்டி வைத்தால் யாரிடம் போய் முறையிடுவது?

சொட்டு மருந்தை அவர்தான் போடுவார். பாட்டிலின் மேல் தன் கையெழுத்தில் வேளைகளை எழுதி ஒட்டி, அலமாரி மேல்தட்டில் ஒரு கண்ணாடி டம்ளருக்குள் நிறுத்தி வைத்திருந்தார். வேலைக்காரி அந்தப் பக்கம் துடைக்கக்கூடக் கூடாது. தளும்பத் தளும்பப் பால் கொண்டுவருகிறவர்போல் எடுத்து வந்து, மெல்லச் சாய்த்து, ஒரு சொட்டு விடுவார்.

"கலங்கக் கூடாது லக்ஷ்மி. அடியில கசடு நிக்கறது பார். தெளிஞ்சதைத்தான் எடுக்கணும்."

அவருடைய கூடத்தில் அப்படித்தானாம். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, படிய விட்டு, மேலே தெளிந்ததைத்தான் சோதனைக்கு எடுப்பார்கள். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, பாட்டிலில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணா இருந்தது?

ஏழாம் தேதி மைசூரில் அவருடைய பெரியப்பா பிள்ளை தவறிப்போய்விட்டார். விடிந்ததும் கிளம்பினார். மாடியில் குடியிருக்கும் நிருபமாவிடம், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிற பெண் அவள், பகல் வேளைகளுக்கு மருந்து போடச் சொல்லிவிட்டுப் போனார். பத்து மணிக்கு அவள் வந்தாள். நான் அண்ணாந்து காத்திருக்க, கடகடவென்று ஒரு சத்தம்.

"ஐயையோ, குலுக்காதே! மாமா திட்டுவார்."

"குலுக்காம எப்படி ஆன்ட்டி? வெறும் தண்ணிதானே விழும்? எங்கப்பாவுக்கு ஆபரேஷன் ஆனப்போ நர்ஸ் மொதல்ல சொன்னதே இதைத்தான்."

அவர் ஒட்டிய காகிதத்தை நகத்தால் கீறி எடுத்தாள். அடியில் அச்சடித்திருந்ததைப் படித்துக் காட்டினாள். உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும். பிறகு சொட்டு விட்டாள். பால்போல் வெள்ளையாக வந்து விழுந்தது. நாலு மாதத்தில் அப்படி ஒரு சொட்டை நான் பார்த்ததே இல்லை.

கசடு என்று அவர் ஒதுக்கியதுதான் மருந்து. பாட்டில் பாட்டிலாக அதைக் குப்பையில் போட்டுவிட்டு, மேலே நின்ற தண்ணீரை என் கண்ணில் விட்டிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

சாயங்காலம் வந்தவர் குளித்துவிட்டு உட்கார்ந்ததும் சொன்னேன். "ஏன்னா, அந்த மருந்தைக் குலுக்கிட்டுத்தான் போடணுமாமே?"

"யார் சொன்னா, நிருபமாவா? கம்ப்யூட்டர் தட்டற பொண்ணுக்கு மருந்தைப் பத்தி என்ன தெரியும்?"

"அவ சொல்லலை. பாட்டில்லயே போட்டிருக்கு."

 பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். ஆனால் எட்டு மணி வேளைக்குப் பாட்டிலை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே குலுக்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒன்றும் நடக்காத முகத்தோடு வந்து, வெள்ளைச் சொட்டை விட்டார். தப்புப் பண்ணிட்டேன் லக்ஷ்மி என்று ஒரு வார்த்தை. அதற்காகக் காத்திருந்தேன். மறுநாளும் பாத்ரூம், அதற்கு மறுநாளும் பாத்ரூம். ஆறாம் நாள் டியூப்லைட் வெளிச்சம் கண்ணில் குத்தவில்லை. அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவே இல்லை.

பதினெட்டாம் தேதி ஆட்டோவில் போகும்போதே முடிவு பண்ணிவிட்டேன், டாக்டரிடம் போட்டு உடைத்துவிடுவது என்று. அப்போதுதான் இந்தக் காவல் என்னை விட்டு ஒழியும்.

டாக்டர் மெஷின் வழியாக வெகுநேரம் பார்த்தார். "ஆச்சரியமா இருக்கே! பாதிக்கு மேல அடங்கிடுச்சு. லென்ஸை எடுக்க வேண்டாம். என்ன பண்ணீங்க புதுசா?"

திரும்பி என் கணவரைப் பார்த்தேன். என் ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிய ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். உதடு உலர்ந்திருந்தது. வேறு ஆளாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"நான்தான் டாக்டர்" என்றேன். "நானேதான் போட்டுக்கறேன். குலுக்கணும்னு தெரியலை, இப்பதான் தெரிஞ்சுது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா நீங்க, படிச்சவங்க! நாலு மாசமா வெறும் தண்ணியை விட்டுட்டு இருந்தீங்களா? நான் லென்ஸையே எடுத்திருப்பேன். விழித்திரை வீங்கியிருக்கு. அது எந்த அளவுக்கு வடியும்னு பார்க்கணும். இன்னும் நாலு மாசம் மருந்து. வண்டி கிண்டி தொடாதீங்க." அவர் பக்கம் திரும்பினார். "சார், இனிமே மேடம் கையில பாட்டிலே கொடுக்காதீங்க. ஒவ்வொரு வேளையும் நீங்கதான் போடணும். நீங்கதான் பொறுப்பு."

இப்போது சொல்லுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான். வாயைத் திறந்தால் போதும்.

அவர் ஃபைலை மடியில் இறக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆகட்டும் டாக்டர். இனிமே எல்லாம் நானே பார்த்துக்கறேன்."

"உங்களை மாதிரி ஒருத்தர் கிடைச்சது மேடத்தோட அதிர்ஷ்டம்" என்றார் டாக்டர்.

இவர் அடக்கமாகச் சிரித்தார்.