அஞ்சுகத்துக்கு ஒப்பாரி வராது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கோபத்தில் பிறந்த கதை. பிரெஞ்சுக்காரன் எங்கள் பக்கத்தை விட்டுப் போன மறுவருடம், குரும்பகரத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்த என் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பெத்த தாயி செத்துக் கெடக்கா, மவளுக்கு ஒரு ஒப்பாரி வைக்கத் தெரியலைங்க." எனக்குச் சுருக்கென்றது. எனக்கும் ராகம் பிடிபடாது. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்தின்போது வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். எட்டு வருடம் அசைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'காசியம்மா இறந்த அன்று வானம் இருண்டு...'

இருளவில்லை. நல்ல வெயில். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: காசியம்மா படுக்கையில் கிடந்த மூன்று வருடமும் பீ மூத்திரம் அள்ளியவள் மகள் அஞ்சுகம். பிணத்தருகே பெண்கள் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். பெற்ற மகள்தான் முதல் அடியை எடுத்துக்கொடுக்க வேண்டும். எடுத்தாள். குரல் எங்கோ ஏறி எங்கோ விழுந்தது. யாராலும் கூடச் சேர முடியவில்லை. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அஞ்சுகத்தின் அண்ணன் மனைவி கல்யாணசுந்தரி அவள் தொடையைக் கிள்ளினாள். "நீ சும்மா இரு அஞ்சுகம். ஊரு சிரிக்குது." பிறகு தானே எடுத்தாள். நல்ல குரல். (மாமியாருக்கு ஒருநாள் கஞ்சி ஊற்றியதில்லை. இதை அடைப்புக்குள் வைத்தது என் கோழைத்தனம்.)

"மருமவள்னா இவதான்டி மருமவ. மவளுக்குக் கல்லு நெஞ்சு" என்றது ஊர்.

அடப்பாவிகளா, நெஞ்சு தொண்டையிலா இருக்கிறது?

3

எழுந்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று எனக்கே அஞ்சுகத்தின்மேல் ஆத்திரம். எழுதுவதை நிறுத்தி அவளிடமே கேட்டேன்.

"ஆத்தா பக்கத்துல கெடக்குறப்ப யாருகிட்டங்க சண்ட போடச் சொல்றீங்க?" என்றாள். நான் மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

4

முடிவு ஒன்று: கருமாதியன்று திடீரென்று அவள் குரல் திறந்து, ஊரே உருகி... தூ! பாட வந்தால்தான் அவள் மகளா?

முடிவு இரண்டு: கொல்லையில் போய்த் தனியாக அழுகிறாள். இதை எழுதினால் அவள் தொடையைக் கிள்ளியவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே இதோ பதினாறாம் நாள். பெண்கள் உட்கார்ந்தாயிற்று. கல்யாணசுந்தரி தொண்டையைக் கனைப்பதற்குள் அஞ்சுகம் முந்திக்கொண்டாள்: "என்னப் பெத்த ஆத்தா..."

சுருதி சேரவில்லை. நான் சேர்த்துத் தரவும் மாட்டேன். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். முதல் அடி முடிந்துவிட்டது. கூடச் சேர்ந்து எடுக்க வேண்டியவர் நீங்கள். எடுப்பீர்களா, மாட்டீர்களா?