இரண்டாம் தொட்டியில் யாருடைய ருசி?

நவம்பர் முதல் வாரம், மகலோனின் ஒயின் கூடத்தில் கலவை பார்க்கும் நாள். முதல் தொட்டியில் மேல்தோட்டத்துக் கிரெனாஷ் திராட்சையின் ஒயின், இரண்டாவதில் கீழ்த்தோட்டத்துக் கிரெனாஷ், மூன்றாவதில் சிரா என்ற வேறு திராட்சை. எதிலிருந்து எவ்வளவு சேர்த்தால் அந்த வருடத்துச் சிவப்பு ஒயின் ஆகும் என்று ருசித்து முடிவு செய்ய வேண்டும். பதினோரு வருடமாக நானும் அவளும்தான் செய்கிறோம்.

இரண்டாம் தொட்டியிலிருந்து ஒரு வாய் எடுத்து, ருசி பார்ப்பவர்களின் வழக்கப்படி துப்பினாள் மகலோன். என்னை முறைத்தாள்.

"நொயெலி, இதுல என்னத்தக் கொட்டினே?"

"என் பொறுமைய. வருஷா வருஷம் அதத்தானே கொட்டுறேன்."

"வெளையாடாத. கிரெனாஷ் இப்படிக் கறுப்பா இருக்குமா?"

நானும் குடித்தேன். முதலில் பழுத்த ஸ்ட்ராபெரியின் மென்மை, அது கிரெனாஷ்தான். பிறகு தொண்டைக்குப் போகும்போது செர்ரிக் கொட்டையின் கசப்பு, ஒரு புளிப்பு, மழைக்குப் பிறகு புதரிலிருந்து வரும் வாசனை. கெட்டுப் போகவில்லை. சொல்லப் போனால் அந்தக் கூடத்தில் நான் குடித்ததிலேயே நல்லது அதுதான். ஏன் என்று தெரியாமல் எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

குழாய்களை மோந்து பார்த்தோம். சிரா ஒழுகிக் கலந்ததோ என்று மூன்றாம் தொட்டியின் மட்டத்தைப் பார்த்தோம், சொட்டுகூடக் குறையவில்லை. கடைசியில் மகலோன் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"வா, தோட்டத்துக்கே போய்ப் பாத்துடலாம்."

சரிவின் மேலே நின்றதுமே புரிந்துவிட்டது. இலையுதிர்காலத்தில் கிரெனாஷ் இலை மஞ்சளாகும், கரினியான் என்ற திராட்சையின் இலை ரத்தச் சிவப்பாகும். கீழ்த்தோட்டத்தின் மஞ்சள் முடிந்த இடத்தில் சிவப்பு தொடங்கியது. அது பக்கத்துத் தோட்டக்காரர் ஃபுல்க்ரானுடையது. எல்லைக்கு ஒரே அடையாளமாக நின்ற பாதாம் மரத்தை, தன் கொடிகளுக்கு நிழல் விழுகிறது என்று போன குளிர்காலத்தில் அவர் வெட்டிவிட்டார். அன்றிலிருந்து மகலோன் அவரோடு பேசுவதில்லை. ரொட்டிக் கடை வரிசையில்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அறுவடைச் சமயத்தில் இரண்டு இலையும் ஒரே பச்சைதான். அப்போது நான் கால் சுளுக்கி வீட்டில் கிடந்தேன். வந்த புது ஆட்களிடம் போனில், "கொடி முடியிற வரைக்கும் வெட்டுங்க" என்று சொன்னவள் நான்தான்.

"எத்தன வரிசை?" என்றாள் மகலோன்.

இறங்கிப் போய்க் காம்பு வெட்டின உயரத்தைப் பார்த்தேன். எங்களுக்கு வெட்டுகிறவர்களிடம் கொடியில் காம்பை நீளமாக விட்டு வெட்டச் சொல்வோம்.

"ஆறு."

"அடிப்பாவி!"

ஃபுல்க்ரான் கொட்டகையில் டிராக்டருக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். மகலோன் வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அவர் கையைத் துணியில் துடைத்தார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"வெட்டுறப்ப நான் மேட்டுல டிராக்டர்லதான் உக்காந்திருந்தேன்."

"பாத்துக்கிட்டா இருந்தீங்க? ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?"

"குடுக்கத்தான் வாயத் தொறந்தேன். அப்புறம் மூடிக்கிட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "நாப்பது வருஷமா என் பழம் கூட்டுறவு ஆலைக்குத்தான் போகுது. நூறு பேர் பழத்தோட ஒரே குழியில விழும். என் கொடி என்ன ருசின்னு எனக்கே தெரியாதும்மா. உங்கிட்ட போனா தெரியுமோன்னு ஒரு நெனப்பு. ஆனா கேக்க வர்றதுக்கு மூஞ்சி இல்ல."

மகலோனின் காது சிவந்தது.

"கையக் கழுவிட்டு வாங்க," என்றாள்.

கூடத்தில் இரண்டு கோப்பைகளை அவர் முன் வைத்தாள். ஒன்றில் முதல் தொட்டி, ஒன்றில் இரண்டாவது. ஃபுல்க்ரான் தொப்பியைக் கழற்றிவிட்டு மாறி மாறிக் குடித்தார். துப்பவே இல்லை.

"இதுல எது நானு?"

"தொண்டையில கசக்குதே, அது," என்றாள் மகலோன்.

"என் பொண்டாட்டியும் அதத்தான் சொல்லுவா."

மகலோன் சிரித்துவிட்டாள். பத்து மாதத்தில் அவரைப் பார்த்து அவள் சிரித்தது அன்றுதான். பிறகு அளவுக் குழாயை எடுத்துச் சிராவை ஊற்றினாள். பத்தில் இரண்டு பங்கு போதும் என்றாள். மூன்று போட்டால்தான் தன் கரினியான் அடங்கும் என்றார் அவர். அடங்க வேண்டாம் என்றாள் இவள். மதியச் சாப்பாடு ஆறும்வரை சண்டை நடந்தது. முடிவில் இரண்டு பங்குதான் போட்டோம்.

அடுத்த செப்டம்பரில் அந்த ஆறு வரிசையை நானே வெட்டினேன், இந்த முறை கேட்டுவிட்டு. ஒரு சின்னப் பீப்பாயில் அதன் ஒயினைத் தனியாக ஊற்றி வைத்திருக்கிறோம். ஃபுல்க்ரான் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து, உள்ளே ஒயின் நுரைக்கும் சத்தத்தை அதில் காதை வைத்துக் கேட்கிறார்.