மூடிக்காரரின் நீலச் சட்டை

மணிகள் இன்னும் நீலமாகவில்லை. மூடிக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு வாணலியை ஒரு குலுக்குக் குலுக்கினார். ஈரம் குடித்து வெளிறிய ரோஸ் நிறத்தில் கிடந்த சிலிக்கா மணிகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன. கேமரா லென்ஸ் பெட்டிக்குள் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. வறுத்தால் குடித்ததையெல்லாம் விட்டுவிட்டு மறுபடி நீலமாகிவிடும். அந்த வாணலியில் வேறு எதையும் வறுக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"அப்பா, இப்ப இது ரொம்ப அவசியமா?" மகள் சமையலறை வாசலில் நின்றாள். அழுது முகம் கழுவியது தெரிந்தது. "நர்ஸ் வந்து பார்த்துட்டுப் போயாச்சு. இன்னிக்குத் தாண்டறதே கஷ்டம்னு சொல்லிட்டாங்க."

"கேட்டுச்சு."

"அம்மா கூப்பிடறாங்க. நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு வரணுமாம்."

"இந்தச் சட்டைக்கு என்ன கொறச்சல்?"

"எனக்கென்ன தெரியும்? லென்ஸை எடுத்துக் கையில குடுக்கச் சொன்னாங்க, குடுத்திருக்கேன். வாங்கப்பா."

அவர் முகம் மாறியது. "அதை ஏன் நீ எடுத்துக் குடுத்தே?" என்று கேட்டுவிட்டு, மணிகளை இன்னும் மெதுவாகக் கிளறினார்.

மூடிக்காரர் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, மனைவியால் வாய்த்த பட்டம். சம்பளம் வாங்கிய வேலை பஸ் ஓட்டுவது. மனைவி பயிர் நோய் ஆய்வகத்தில் புகைப்படம் எடுப்பவள். இலையைத் தின்னும் பூச்சி, இலைக்கடியில் முட்டையிடும் பூச்சி, அந்த முட்டையைத் தின்ன வரும் பூச்சி என்று கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியாத ஜீவன்களையெல்லாம் மேக்ரோ லென்ஸை வைத்து உள்ளங்கை அகலத்துக்குக் காட்டிவிடுவாள். வயல்களில் அவளை லென்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். விடுமுறை நாட்களில் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற மனிதருக்கும் ஒரு பெயர் வேண்டாமா? லென்ஸின் முன்மூடி, பின்மூடி எல்லாம் அவர் சட்டைப்பையில் இருந்தன. பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

மூடியை விட்டால் அவருக்கு இன்னொரு பொறுப்பு, காற்று. அவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது இலை மயிரிழை ஆடினாலும் படம் மங்கிவிடும். அதனால் காற்று வருகிற பக்கம் முதுகைக் கொடுத்து, இலைக்குப் பின்னால் அவர் நிற்க வேண்டும். கதவு மாதிரி முதுகு அவருக்கு. "பஸ் ஓட்ட எத்தனையோ பேர் கிடைப்பாங்க. இந்த முதுகு கிடைக்குமா?" என்று கல்யாணமான புதிதில் அவள் சொன்னதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அவள் பூச்சியைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கண்ணை இடுக்கி, உதட்டைக் கடித்து, மூச்சடக்கிக் குனிந்திருக்கும் அந்த முகத்தை அவர் அளவுக்குப் பார்த்தவர்கள் உலகத்தில் யாருமில்லை. அவராக ஒரு படம்கூட எடுத்ததில்லை. கேட்டால், "என் கைக்கு ஸ்டியரிங் போதும்" என்பார்.

ஆரம்ப காலத்தில் ஒருநாள் வயல் வரப்பில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்கள். தூசி உள்ளே போகாமல் கேமராவைக் குப்புறப் பிடித்து, காற்றுக்கு முதுகு காட்டி, சட்டென்று மாற்ற வேண்டும். கழற்றிய லென்ஸை அவள் நீட்டினாள், அவர் கையை நீட்டினார். இரண்டு கைக்கும் நடுவே அது நழுவிக் கல்லில் விழுந்தது.

"நீங்க பிடிச்சுட்டீங்கன்னு நினைச்சேன்!"

"நீ இன்னும் விடலைன்னு நினைச்சேன்!"

யார் தப்பு என்பது இன்றுவரை தீர்ப்பாகாத வழக்கு. கண்ணாடி தப்பியது; தானாகக் கூர்மை பிடிக்கும் மோட்டார் செத்துப்போனது. அதற்கப்புறம் அவள் உடம்பையே முன்னும் பின்னும் துளித்துளியாகச் சாய்த்துக் கூர்மை பிடிக்கக் கற்றுக்கொண்டாள். படங்கள் முன்னைவிட நன்றாக வரத் தொடங்கின. "நல்லவேளை போட்டு உடைச்சீங்க" என்பாள். வழக்கை அவள் விட்டபாடில்லை.

அன்றைக்குப் பிறந்ததுதான் அந்த வீட்டின் இன்னொரு சட்டம். வாங்குகிறவர் "பிடிச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை கொடுக்கிறவர் விடக் கூடாது. லென்ஸுக்குப் போட்ட சட்டம் மெல்ல வீடு முழுக்கப் பரவியது. கொதிக்கும் பாத்திரம், குடை, கண்ணாடி டம்ளர், பிறகு பிறந்த மகள் என்று எல்லாமே இந்தச் சொல்லின் மேல்தான் கை மாறின. அந்த வீட்டில் டம்ளர் உடைந்து யாரும் பார்த்ததில்லை.

அவள் படுக்கையில் விழுந்த பிறகு அந்தச் சட்டத்துக்குத்தான் சோதனை வந்தது. தினமும் அந்த மேக்ரோ லென்ஸைக் கேட்டு வாங்கி, "இனிமே இதை நீங்க எடுத்துக்கோங்க" என்று அவரிடம் நீட்டுவாள். அவரும் கையைக் கொடுப்பார். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல மாட்டார். சொன்னால் அவள் விட்டுவிடுவாள் என்று அவருக்கு மனசில் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. லென்ஸை மட்டும்தான் விடுவாளா என்பது பயம். வைத்தியர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அவளும் பிடிவாதத்தில் இளைத்தவள் இல்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் அவள் கண்ணயர்ந்ததும் அவர் அதை எடுத்துப் போய்ப் பெட்டிக்குள் வைத்து மூடுவார். அதற்காகத்தான் இந்த மணிகளை வறுக்கிற மும்முரம்.

வாணலியில் நீலம் திரும்பிவிட்டது. இனி வறுக்க எதுவும் இல்லை. அவர் அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனார்.

காலர் பிரிந்துபோன பழைய சட்டை. தூக்கிப் போடலாம் என்று அவர் எடுத்துவைக்கும் போதெல்லாம் அவள் துவைத்து மறுபடி அலமாரியில் வைத்துவிடுவாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு அறைக்குள் போனபோது, அவள் மஞ்சள் சால்வையைக் கழுத்துவரை போர்த்திச் சாய்ந்திருந்தாள். முகம் எலும்பும் தோலுமாகியிருந்தது. லென்ஸ் வயிற்றின் மேல் இருந்தது, அதன் மேல் இரண்டு கையும்.

"ஜன்னல் பக்கம் போய் நில்லுங்க."

அவர் நின்றார். பழக்கதோஷம், காற்று வருகிற பக்கம் முதுகு தானாகத் திரும்பிக்கொண்டது. அவள் ஒரு கண்ணை இடுக்கி அவரையே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லா வருது," என்றாள்.

"என்ன வருது?"

அவள் லென்ஸைச் சால்வையிலிருந்து கொஞ்சம் தூக்கினாள். அவர் அருகில் போய் உட்கார்ந்து, அதற்குக் கீழே உள்ளங்கையை வைத்தார்.

"மணி வறுத்தாச்சா?"

"ஆச்சு. பளிச்சுன்னு நீலமாயிடுச்சு. பெட்டியில போட்டுட்டா ஒரு பூஞ்சை அண்டாது."

"பெட்டிக்குள்ளேயே கிடந்தா எத்தனை மணி போட்டாலும் அண்டும்ங்க. அது வெளிச்சம் பாக்கணும்." மூச்சு வாங்கக் காத்திருந்தாள். "நீங்களுந்தான். நான் போனா, வெளியவே போக மாட்டீங்க. எனக்குத் தெரியாதா?"

"எனக்கு என்ன எடுக்கத் தெரியும்?"

"காத்து எங்கேருந்து வருதுன்னு தெரியும். எங்க நிக்கணும்னு தெரியும். மிச்சம், ஒரு பொத்தானை அமுக்கறதுதான். பஸ்ஸையே ஓட்டினீங்க."

அவர் உள்ளங்கையை எடுக்கவில்லை.

"அப்பா," என்றாள் மகள் கட்டிலின் கால்மாட்டிலிருந்து. "அம்மா கை நடுங்குது. சொல்லிடுங்கப்பா."

நடுங்கியது உண்மைதான். ஒரு ஸ்பூனைக்கூடத் தூக்க முடியாத விரல்கள் அத்தனை கனத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் சொல்லாமல் அவள் விட மாட்டாள். சட்டத்தை மீறுகிற ரகம் அவளில்லை. இந்த வலிக்கு நடுவிலும், தான் போன பிறகு இந்த மனிதர் வீட்டுக்குள் கிடந்து பூஞ்சை பிடித்துப் போகக் கூடாதே என்று ஒரு வேலையைக் கையில் திணித்துவிட்டுப் போகப் பார்க்கிறாள். நன்றி என்று சொல்லிப் பழகாத வீடு அது. சொல்லியிருந்தால் இருவருமே சிரித்திருப்பார்கள்.

"பிடிச்சாச்சு," என்றார்.

"காதுல விழல."

"பிடிச்சாச்சும்மா. நல்லா பிடிச்சாச்சு."

அவள் ஒவ்வொரு விரலாக எடுத்தாள். "அப்பாடா," என்று தலையணையில் சாய்ந்தாள்.

லென்ஸ் கைக்கு வந்ததும் அடுத்த வேலை தானாக நடந்தது. அவர் காற்றுக்கு முதுகைத் திருப்பி, பின்மூடிக்காகச் சட்டைப்பையில் கைவிட்டார். பை காலி. இன்னொரு பக்கம் தடவினார், பிறகு கால்சட்டைப் பையை. மூடி, அவர் சற்று முன் கழற்றிப் போட்ட சட்டையில் இருந்தது.

"போச்சு," என்றாள் லென்ஸம்மா. "மூடிக்காரர்கிட்டயே மூடி இல்ல." அவள் சிரித்தாள். சத்தம் பெரிதாக வரவில்லை, ஆனால் தோள் குலுங்கியது. மகளும் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் அசடு வழிய, ஒரு கையால் லென்ஸின் பின்புறத்தைப் பொத்திக்கொண்டு மூடியை எடுக்க ஓடினார். திரும்பி வந்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள், சிரிப்பு உதட்டோரம் இன்னும் மிச்சமிருந்தது.

அப்புறம் அவள் பேசவில்லை. வலியும் இல்லை போலிருந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய நேரத்தில், மகள் கையைப் பிடித்திருக்க, அவர் ஜன்னலோரம் காற்றை மறைத்து நின்றிருக்க, அடுத்த மூச்சு வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு காத்திருந்துவிட்டு, பிறகு விட்டார்.

மறுநாள் காலை வீடு நிறையச் செருப்புகள். யார் யாரோ வந்து அவர் கையைப் பிடித்தார்கள். அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நேற்றுப் போட்ட அதே நீலச் சட்டையோடு அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். ஆய்வகத்திலிருந்து பூச்சி டாக்டர் வந்தார். பூச்சிகளுக்கு வைத்தியம் பார்ப்பவரல்ல, பூச்சிகளைப் படித்துப் பட்டம் வாங்கியவர். அவள் எடுத்த படங்களுக்கு முதல் ரசிகர். பெரிய படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து அவள் காலடியில் சாய்த்து வைத்தார். இலை நுனியில் ஒரு பச்சைப் பூச்சி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. பின்னால் வெறும் நீலம், ஒரு கீறல் இல்லாத மெத்தென்ற நீலம்.

பூச்சி டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

"இந்தச் சட்டைதானா அது?" என்றார்.

"எது?"

"உங்களுக்குத் தெரியாதா? இந்த நீலத்துக்காக நான் எத்தனை பேரை வறுத்தெடுத்திருக்கேன். புதுசா வந்த போட்டோகிராபருங்க துணி கட்டிப் பார்த்தாங்க, அட்டை வெச்சுப் பார்த்தாங்க, ஒருத்தருக்கும் வரல. கடைசியில அம்மாகிட்டயே கேட்டேன். 'அது எங்க வீட்டுக்காரர் சட்டை சார்'னாங்க. பச்சைப் பூச்சின்னா நீலச் சட்டை, வெள்ளைப் பூச்சின்னா டிரைவர் சட்டை. 'மூஞ்சி தெரியாம எல்லாப் படத்துலயும் அவர்தான் நிக்கறார்'னு சொல்லிச் சிரிச்சாங்க."

மூடிக்காரர் படத்தையே பார்த்தார். காலையில் கிளம்பும்போது, இன்னிக்கு இந்தச் சட்டை போடுங்க, அது வேண்டாம் என்று அவள் சொன்னதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. புருஷன் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நினைக்கிறாள் போல என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டு போட்டிருக்கிறார். அந்தப் படங்களையெல்லாம் அவரும்தான் பார்த்திருக்கிறார். நீலத்தை வானம் என்றும் காக்கியை மண் என்றும் நினைத்துக்கொண்டு தாண்டிப்போயிருக்கிறார். நேற்று அவள் கண்ணை இடுக்கி, நல்லா வருது என்றது இதைத்தான்.

அதுவரை அழாமல் இருந்தவர் அப்போதுதான் அழுதார். துக்கம் மட்டுமில்லை அது. யாரும் சீந்தாத ஒரு டிரைவர் சட்டையை இவ்வளவு நாளும் இவ்வளவு கவனமாகப் பார்த்துவந்த ஒருத்தியோடு வாழக் கிடைத்ததே என்று தாங்க முடியாமல் வந்தது. "ரொம்ப நன்றிம்மா" என்று அவள் காதருகே குனிந்து சொன்னார். சிரிக்க அவள் இல்லாததால் தைரியமாகச் சொல்ல முடிந்தது.

வந்தவர்கள் எல்லாரும் போய்ச் சில நாட்கள் கழித்து, மகள் துணிகளைத் துவைத்துப் பின்கட்டில் காயப்போட்டாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சுவரோரத் தொட்டியில் ஒரு செடி, அதன் தண்டில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து உள்ளே போனார். பெட்டியைத் திறந்து லென்ஸை எடுத்தார். கேமராவைக் குப்புறப் பிடித்து, லென்ஸின் புள்ளியைக் கேமராவின் புள்ளியோடு சேர்த்துத் திருகினார். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. முன்மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, செடிக்கு முன்னால் மண்டியிட்டார்.

முதலில் எல்லாம் ஒரே மங்கல். அவளைப் போலவே முன்னால் கொஞ்சம் சாய்ந்தார், பின்னால் கொஞ்சம். காற்று வந்தது. செடி ஆடியது. அவர் காத்திருந்தார்.

"அப்பா, துணி காஞ்சிருச்சு," என்று வந்த மகள் அவரைப் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு சத்தமில்லாமல் கொடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினாள். செடிக்குப் பின்னால் தொங்கிய அம்மாவின் சால்வையில் கைவைத்தபோது அவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"அதை மட்டும் விடு. அங்கேயே கிடக்கட்டும்."

அவள் சால்வையை விட்டுவிட்டு, காற்று வருகிற பக்கம் போய் முதுகைத் திருப்பி நின்றாள். செடி நின்றது. எறும்பு தண்டில் பாதி வழியில் நின்று மீசையைத் துடைத்துக்கொண்டது. அதற்குப் பின்னால் ஒரு மடிப்புகூடத் தெரியாமல், ஓரம்வரை மஞ்சள்.

மூடிக்காரர் மூச்சை அடக்கினார்.