முன்னால் போன புத்தகம்

நீஷ் நகரத்துக் கல்லூரியில் பேராசிரியர் ப்ரோட்டிச் நடத்தும் வாய்மொழித் தேர்வுக்கு ஆள் வருவதைவிட ஆளின் புத்தகம் வருவதுதான் முக்கியம். மாணவர் ஒவ்வொருவருக்கும் கையடக்கமாக ஒரு நீலப் புத்தகம் உண்டு. படம், முத்திரை, வாங்கிய மதிப்பெண், ஆசிரியரின் கையெழுத்து எல்லாம் அதற்குள்தான். காலை ஒன்பது மணிக்கு அவர் உள்ளே நுழையும்போது அந்தப் புத்தகங்கள் மேசைமேல் அடுக்கியிருக்க வேண்டும். அடுக்கில் இல்லாதவர் அன்றைக்கு உலகத்திலேயே இல்லை. அடுத்த தேர்வுத் தவணைக்குப் பிறந்து வரவேண்டியதுதான்.

யாஸ்னாவின் பஸ் நீஷுக்கு வந்து சேர்வது ஒன்பது இருபதுக்கு. அதுவும் ஓட்டுநர் மிர்கோ வழியில் காப்பிக்கு நிறுத்தாமல் இருந்தால். அதனால் தேர்வுக்கு முந்தின நாளே, நகரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தோழி சான்யாவிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். காலையில் சான்யா தன் புத்தகத்தோடு அதையும் கொண்டுபோய் அடுக்கில் கீழ்ப்பக்கமாகச் செருகிவிடுவாள். முறை வருவதற்குள் யாஸ்னா மூச்சிரைக்க வந்து நின்றுவிடுவாள். பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான் இது. பேராசிரியருக்குத் தெரியுமா என்றால், நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது அவருக்கு வசதி.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. மாணவர்களுக்கான மாதாந்திர பஸ் பாஸ் செல்ல வேண்டுமானால் அதே நீலப் புத்தகத்தைக் கூடவே காட்ட வேண்டும் என்று பாஸின் முதுகில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். இரண்டு வருஷமாக அதை ஒருவரும் கேட்டதில்லை. செப்டம்பர் தவணையில், வருஷத்தின் கடைசித் தேர்வான மண் இயக்கவியல் அன்று, கேட்டார்கள்.

அதில் தேறினால் யாஸ்னாவுக்கு மூன்றாம் வருஷம், அரசாங்கச் செலவில். தேறாவிட்டால் ஊர்த் தையல் ஆலையில் அப்பா அவளுக்காகப் பேசி வைத்திருக்கும் இயந்திரம். அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் மேஸ்திரியைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

டிக்கெட் பரிசோதகர் ராடிஷா மலையிடுக்குக்குக் கொஞ்சம் முன்னால் ஏறினார். இந்தத் தடத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. புது இடத்தில் தன் பெயர் பரவ வேண்டுமே. யாஸ்னாவின் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், புத்தகம் எங்கே என்றார். அவள் ஒளிக்காமல் சொன்னாள்: அது தேர்வு மேசைக்குப் போய்விட்டது, நான் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன். முழு டிக்கெட்டே எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். ஏறும்போது எடுத்திருக்க வேண்டும், செல்லாத பாஸோடு பிடிபட்டவர் இறங்கித்தான் ஆகவேண்டும் என்று அவர் விதியை ஒப்பித்தார்.

"புத்தகம் இல்லேன்னா நீ மாணவி இல்ல. இறங்கும்மா."

வெளியே ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு. நீஷுக்கு இன்னும் இருபது கிலோமீட்டர்.

"இறங்க மாட்டேன்" என்றாள் யாஸ்னா.

முழங்கால்களை முன் இருக்கையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். ராடிஷா மிர்கோவிடம் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். இந்தப் பெண் இறங்கும்வரை வண்டி நகராது என்று அறிவித்துவிட்டு, இருக்கைகளுக்கு இடையிலான வழியின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் எல்லோருக்கும் கோபம் அவள்மேல்தான். நியாயம் யார் பக்கம் என்றா பார்ப்பார்கள், எது சீக்கிரம் முடியும் என்றுதானே பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒருவர் முனகினார். சந்தைக்குப் பாலாடைக்கட்டி கொண்டுபோகிற ஸ்லாவ்கா, "இறங்கித் தொலையேன், என் சரக்கு உருகுது" என்றாள். உங்களுக்கு ஒரு நாள், எனக்கு ஒரு வருஷம் என்று யாஸ்னா பதில் சொன்னாள். பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னாள். தேர்வு, தவணை, தையல் இயந்திரம், எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்லாவ்கா தன் சரக்கை இருக்கைக்கு அடியில் நிழலுக்குத் தள்ளினாள். அவளும் அதே ஆலையில் பதினோரு வருஷம் குனிந்து உட்கார்ந்து எழுந்தவள்.

கால் மணி ஆயிற்று. வெயில் ஏறியது. இஞ்சின் நின்ற வண்டிக்குள் முப்பது பேர் வெந்துகொண்டிருந்தார்கள், ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டார்கள். இந்தப் பக்கத்து ஜனங்கள் யுத்தத்துக்குப் பயப்படாவிட்டாலும் குறுக்குக் காற்றுக்குப் பயப்படுவார்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிற காற்று வியர்த்த உடம்பில் பட்டால் கழுத்துப் பிடிக்கும், காது போகும், சிறுநீரகம் கெடும், முகம் கோணும். டாக்டர்களே இதை நம்புகிறார்கள். வெந்து செத்தாலும் காற்றில் சாகக்கூடாது என்பது கொள்கை.

ராடிஷாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிடரியில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. யாஸ்னா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து தன் பக்கத்து ஜன்னலை முழுசாக இழுத்துத் திறந்தாள்.

வண்டி முழுக்க ஒரு முனகல். ராடிஷா கழுத்தைப் பொத்திக்கொண்டு, "மூடு அதை" என்றார்.

"நான் இந்த வண்டியில இருக்கவே கூடாதுன்னீங்க. இல்லாத ஆள் எப்படி மூடுறது?"

ஒரு ஜன்னல் திறந்தால் அது வெறும் காற்று. இரண்டு பக்கமும் திறந்தால்தான் குறுக்குக் காற்று. யாஸ்னா எதிர்ப்பக்கம் பார்த்தாள். அங்கே ஸ்லாவ்கா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஏற்கெனவே தோள்வலி, தைல வாசம் எட்டு இருக்கை தாண்டி அடிக்கும். அவள் பெருமூச்சு விட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். காதையும் சேர்த்து மூடினாள். பிறகு தன் ஜன்னலைத் திறந்தாள். "எல்லாரும் கழுத்தை மூடிக்குங்க" என்று பொதுவாகச் சொல்லவும் செய்தாள். ஆஸ்பத்திரிக்காரர் செய்தித்தாளை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

ஆற்றுப் பக்கமிருந்து காற்று நுழைந்து பாறைப் பக்கம் போயிற்று. வழியில் நின்றவர் ராடிஷா ஒருவர்தான். மூன்று நிமிஷம் தாங்கினார், பொய் சொல்லக்கூடாது. நான்காவது நிமிஷம் கையைப் பிடரியில் வைத்தபடி, ஜன்னலை மூடும்வரை கீழே நிற்கிறேன், பிறகு பேசிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் இரண்டாவது காலையும் தரையில் வைத்ததும் மிர்கோ கதவை மூடினார், இஞ்சினைக் கிளப்பினார். பின்னால் திரும்பாமலே, "சார் காத்து வாங்கப் போயிருக்காரு, அடுத்த பஸ்ல வருவாரு" என்றார். இதற்காக மிர்கோவுக்கு மேலிடத்திலிருந்து வரப்போகும் ஓலை என்ன என்பது வண்டியில் எல்லோருக்கும் தெரியும். யாஸ்னாவுக்கு அழுகை வந்தது. அழுதால் படித்தது கரைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

கல்லூரி மாடிப்படிகளை அவள் ஏறி முடித்தபோது மணி பத்தே கால். நடைவழியில் சான்யா சுவரோடு சுவராக நின்றிருந்தாள். உன் பெயரைக் கூப்பிட்டார், கழிப்பறைக்குப் போயிருக்கிறாள் என்றேன், இரண்டாம் தடவையும் அதையே சொன்னேன், இப்போது கடைசிப் பையன் உள்ளே இருக்கிறான் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அந்தப் பையன் வெளியே வந்தான். யாஸ்னா உள்ளே போனாள்.

மேசையில் ஒரே ஒரு நீலப் புத்தகம் மிச்சமிருந்தது.

"ஒரு மணி நேரமா கழிப்பறையிலயா இருந்தே?" என்றார் ப்ரோட்டிச்.

"இல்ல சார். பஸ்ல இருந்தேன்."

எந்த ஊர் பஸ் என்று கேட்டார். சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படப் போகிறார் என்று அவள் தயாராக நின்றாள். அவர் கோபப்படவில்லை. அதைவிட மோசமாக, இரக்கப்பட்டார். இவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவளிடம் என்ன கேட்பது என்கிற மாதிரி புத்தகத்தைப் பிரித்து, பேனாவைத் திறந்தார்.

"ஆறு போட்டுடறேன். தேறிட்டே. போய் உன் பஸ்ஸைப் பிடி."

பத்துக்கு ஆறு என்றால் தேர்ச்சி. மூன்றாம் வருஷம், அரசாங்கச் செலவு, தையல் இயந்திரத்துக்கு முழுக்கு. வாங்கிக்கொள் என்று அவள் உடம்பு முழுக்கக் கத்தியது. அதே சமயம், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னலைத் திறந்தவள் இந்தப் பிச்சைக்காகவா திறந்தாள் என்று பற்றிக்கொண்டும் வந்தது. பேனா தாளைத் தொடுவதற்குள் அவள் கையை நீட்டிப் பக்கத்தின்மேல் வைத்துவிட்டாள்.

"கேள்வி கேளுங்க சார்."

"கேட்டா அஞ்சும் ஆகும். அஞ்சுன்னா வருஷம் போச்சு, தெரியுமில்ல?"

"தெரியும். கேளுங்க."

அவர் பேனாவை மூடினார். இப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. அவளுக்கோ அப்பாடா என்று இருந்தது, கோபத்தோடு மோத அவளுக்குத் தெரியும். மழை பெய்யும்போது நிற்கிற சரிவு, மழை விட்டு இரண்டு நாள் கழித்து ஏன் சரிகிறது என்று கேட்டார். அவள் படம் போட்டாள். மேலே விழுந்த நீர் உடனே வேலையைக் காட்டுவதில்லை, மெதுவாக இறங்கி மண்மணிகளுக்கு நடுவே நிறைந்து அவற்றைத் தள்ளுகிறது, ஒன்றையொன்று பிடித்திருக்கும் பலம் அப்போதுதான் குறைகிறது என்று விளக்கினாள். கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டாள். ஒரு இடத்தில் தடுமாறி, அடித்துத் திருத்தினாள். தாங்குசுவர் ஒன்றை அவரே வரைந்து இது ஏன் விழும் என்றார். நீர் வெளியேற வழி இல்லை என்றாள். இன்னும் இரண்டு கேட்டார். நாற்பது நிமிஷம் ஆனபோது ப்ரோட்டிச்சிடம் கேள்வி தீர்ந்துபோயிருந்தது.

அவர் புத்தகத்தை இழுத்து எழுதினார், கையெழுத்துப் போட்டார், மை காய ஊதினார்.

"பத்துக்கான பதில். நேரத்துக்கு ஒண்ணு கழிச்சு ஒன்பது போட்டிருக்கேன். இனிமேலாவது முந்தின பஸ்ல வா."

"முந்தின பஸ் கிடையாது சார்" என்றாள் யாஸ்னா. "நான் வர்றதுதான் முதல் பஸ்."

அதைச் சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தை எடுத்தாள்.